கொப்போடு வந்த சொல்

தோவாளையைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லோரும் பூவைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். விடியற்காலைச் சந்தை, ஓணத்துக்கு முந்தின நாட்களின் நெரிசல், பிச்சி இன்று என்ன விலை போனது, இவையெல்லாம் பத்திரிகையில் வந்துவிடும். பூ பூக்கிற மூட்டைப் பற்றி எழுதுகிறவர் குறைவு. நம் வீட்டு முற்றத்தில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் அரளியும் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் எங்கிருந்து வந்தன? யார் கொண்டுவந்தார்கள்? இதற்குப் பத்திரம் கிடையாது, பட்டா கிடையாது, ரசீதும் கிடையாது. பணிக்காலம் முழுக்க அரசாங்கக் காகிதங்களோடு வாழ்ந்தவன் என்பதாலோ என்னவோ, காகிதமே இல்லாத வரலாறு என்றால் எனக்கு ஒரு தனி ஆசை.

நான் பிறந்தது காரைக்கால். எங்கள் பக்கம் கிளை என்போம். மனைவியின் ஊரான இந்தத் தோவாளையில் கொப்பு என்கிறார்கள். "சர்வீஸ் முழுக்கக் கோப்பு, ரிடையர் ஆன பிறகு கொப்பு" என்று வீட்டில் கேலி செய்வார்கள். இன்று கொப்பின் வரலாற்றைத்தான் சொல்லப் போகிறேன்.

விதை வேண்டாத செடிகள்

அரளி, செம்பருத்தி, நந்தியாவட்டை, காகிதப்பூ, ஈழத்தலரி. உயரமாக வளரும் நம் வீட்டுப் பூச்செடிகளில் முக்கால்வாசி இந்தப் பட்டியலில் அடங்கும். இவற்றில் எதையாவது விதை போட்டு வளர்த்த வீடு உண்டா என்று யோசித்துப் பாருங்கள். ஒற்றை அரளி இரட்டைக் காய் காய்க்கும், அதற்குள் பஞ்சு ஒட்டிய விதையும் இருக்கும். ஆனாலும் யாரும் விதைப்பதில்லை. விதையில் வந்தால் என்ன நிறம் பூக்கும் என்று சொல்ல முடியாது, பூக்கவும் நாளாகும்.

அடுக்குப் பூக்களின் கதை வேறு. அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு நந்தியாவட்டை போன்றவற்றில் மகரந்தம் தரவேண்டிய கேசரங்களே இதழ்களாக மாறிவிட்டன. அழகு கூடியது, வம்சம் நின்றது. பெரும்பாலும் இவை விதை பிடிப்பதே இல்லை. மனிதன் கொப்பை ஒடித்து இன்னோர் இடத்தில் நட்டால்தான் உண்டு. நடாவிட்டால் அந்த மூட்டோடு கதை முடிந்தது.

இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. விதையில் முளைப்பது பிள்ளை. அதற்குத் தாயின் சாடை இருக்கலாம், தகப்பன் சாடையும் இருக்கலாம். கொப்பில் தழைப்பது பிள்ளை அல்ல, தாயேதான். உங்கள் பாட்டி வீட்டுச் செம்பருத்தியில் ஒடித்த கொப்பு உங்கள் முற்றத்தில் நின்றால், அது பாட்டி வீட்டுச் செடியின் வாரிசு அல்ல, அதே செடி. பாட்டி போன பிறகும், வீடு கைமாறிய பிறகும், அந்த உடம்பு மட்டும் சாகாமல் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது.

செம்பருத்தியை எந்தக் காட்டிலும் தானாக வளர்ந்த நிலையில் யாரும் கண்டதில்லை என்று தாவரவியலார் எழுதுகிறார்கள். 1753-இல் லின்னேயஸ் அதற்குச் 'சீனத்து ரோஜா' என்று பொருள்படும் பெயரை வைத்தார். அவர் சீனா போனவர் இல்லை. சீனாவிலும் அது வீட்டுச் செடிதான். கிழக்கே பசிபிக் தீவுகளிலிருந்து நம் ஊர்க் காளி கோயில் வரை, அது மனிதக் கை பிடித்தே நடந்து வந்திருக்கிறது.

1689-இல் அச்சான அரளி

காகிதமே இல்லாத வரலாறு என்றேன். ஒரே ஒரு பெரிய காகிதம் உண்டு. கொச்சியில் டச்சுக்காரர் ஆண்டபோது கவர்னராக இருந்த வான் ரீட், மலையாளக் கரையின் செடிகொடிகளை எல்லாம் படம் எழுதித் தொகுத்தார். 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற அந்த நூல் 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. 700-க்கு மேற்பட்ட செடிகள். செடிகளின் பெயரையும் குணத்தையும் சொன்னவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியர்.

லத்தீன் நூல்தான். ஆனால் செடிகளின் பெயரை நம் நாட்டுப் பெயராகவே போட்டிருக்கிறார்கள். 2-ஆம் பாகத்தில் செம்பருத்தி இருக்கிறது, நந்தியாவட்டை பெரிதும் சிறிதுமாக இரண்டு இருக்கின்றன. 1689-இல் வந்த 9-ஆம் பாகத்தின் தொடக்கத்திலேயே அரளி. சிவந்தது ஒன்று, அடுத்து 'பெலுத்த அரளி'. வெளுத்த அரளி என்பதை ஐரோப்பியக் காது அப்படிக் கேட்டிருக்கிறது. மலையாளமும் தமிழும் கலந்து புழங்கும் நம் ஜில்லாக்காரர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. ஆக, 300 வருடங்களுக்கு முன்பே இவை இந்தக் கரையின் வீடுகளில் பேர் சொல்லி வளர்க்கப்பட்டன என்பது நிச்சயம்.

அரளியின் வயது அதைவிட அதிகம். பழந்தமிழில் அதற்குக் கணவீரம் என்று பெயர், வடமொழியில் கரவீரம். திருவாரூர் ஜில்லாவில் திருக்கரவீரம் என்றே ஒரு பாடல் பெற்ற தலம் இருக்கிறது. அங்கே தலமரம் செவ்வரளி. சாமிக்கு உகந்த அதே பூவை மரண தண்டனை பெற்றவனுக்கும் சூட்டியிருக்கிறார்கள். சூத்ரகர் எழுதிய 'மிருச்சகடிகம்' என்ற பழைய வடமொழி நாடகத்தில், கொலைக்களத்துக்கு நடத்திச் செல்லப்படும் சாருதத்தன் கழுத்தில் அரளி மாலைதான் கிடக்கிறது. மங்கலம் ஒரு கையிலும் மரணம் ஒரு கையிலுமாக நிற்கும் செடி இது என்பது நம் முன்னோருக்குத் தெரியும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

பாதிரியாரும் கப்பல்காரரும்

பள்ளியில் நான் படித்தது பிரெஞ்சு மீடியம். அரளியை எனக்கு முதலில் எழுத்துக்கூட்டச் சொல்லிக் கொடுத்தது 'லோரியே ரோஸ்' என்றுதான். வீட்டில் அம்மாவுக்கு அரளி, வகுப்பில் வாத்தியாருக்கு லோரியே ரோஸ். இரண்டும் ஒரே செடி என்று புரியவே எனக்குச் சில வருடங்கள் ஆயின. மத்தியதரைக் கடல் ஓரமெங்கும் காய்ந்த ஓடைக்கரைகளில் அது தானாகவே வளர்கிறது.

அந்தப் படிப்பின் புண்ணியத்தில் பிற்பாடு ஒன்று தெரிந்தது. நம் முற்றத்தில் நிற்கும் மற்ற செடிகள் சிலவற்றின் சாஸ்திரப் பெயருக்குள் பிரெஞ்சுக்காரர்கள் ஒளிந்திருக்கிறார்கள்.

மஞ்சள் அரளியை எடுத்துக்கொள்ளுங்கள். பொன்னரளி என்று சிவன் கோயிலுக்குக் கொடுக்கிறோம். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1555-இல் பிரேசிலுக்குப் போன ஆந்த்ரே தெவே என்ற பிரெஞ்சுத் துறவியின் பெயரால் அது நெடுங்காலம் தெவேசியா என்று அழைக்கப்பட்டது.

ஈழத்தலரியின் சாஸ்திரப் பெயரான ப்ளுமேரியா, ஷார்ல் ப்ளூமியே என்ற இன்னொரு துறவியை நினைத்து வைத்தது. மேற்கிந்தியத் தீவுகளின் செடிகளைப் படம் எழுதிய அவர் 1704-இல் காலமானார். இதுவும் அமெரிக்கச் செடிதான். இதன் கொப்பை ஒடித்து நிழலில் போட்டால் வாரக்கணக்கில் வாடாது, சில சமயம் தரையில் கிடந்தபடியே பூவும் விடும். கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்ய இதைவிடத் தோதான செடி ஏது? வந்த இடத்தில் பழைய செடியின் பெயரையே வாங்கிக்கொண்டது. சிங்களத்தில் இதை அரலிய என்கிறார்கள். கொழும்பில் இலங்கைப் பிரதமரின் அதிகாரபூர்வ இல்லமான 'அலரி மாளிகை' என்று பத்திரிகையில் படிக்கிறோமே, அந்த அலரி இந்த மரம்தான்.

காகிதப்பூவின் கதை சினிமாவுக்குச் சமம். பூகென்வில் என்ற பிரெஞ்சுக் கப்பல் தளபதி உலகைச் சுற்றப் புறப்பட்டபோது கொமெர்சோன் என்ற தாவரவியலார் உடன் போனார். 1767-இல் ரியோ டி ஜெனிரோவில் இந்தச் செடியைச் சேகரித்துத் தளபதியின் பெயரை வைத்தார்கள். கொமெர்சோனுக்கு உதவியாளாக, ஆண் உடையில், ழான் பாரே என்ற பெண் கப்பலில் இருந்தார். உலகைச் சுற்றிவந்த முதல் பெண் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். செடிக் கட்டுகளைச் சுமந்தவர் அவர், பெயர் கிடைத்ததோ தளபதிக்கு. இதுவும் அலுவலகத்தில் நாம் பார்க்காத விஷயம் அல்ல.

கடல் தாண்டிச் செடி கொண்டுவருவது அன்று பெரும்பாடு. உப்புக் காற்றில் கருகும், குடிதண்ணீர் தட்டுப்பட்டால் மாலுமிக்குப் போகச் செடிக்கு மிஞ்சாது. 1829 வாக்கில் லண்டன் டாக்டர் வார்டு, காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் செடி தன் ஈரத்திலேயே பிழைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகுதான் செடிப் பயணம் சுலபமாயிற்று. எங்கள் புதுச்சேரியில் 1826-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் பெரோத்தே என்பவர் வெளிநாட்டுச் செடிகளைப் பழக்கி வளர்த்தார். 1870-இல் அவர் காலமானதும் அந்த ஊரிலேயே.

இவ்வளவு பெயரும் துறைமுகம் வரைதான். துறைமுகத்திலிருந்து நம் முற்றம் வரை கொண்டுவந்தவர்களுக்குப் பெயர் இல்லை. அவர்கள் நம் வீட்டுப் பெண்கள்.

பெண்ணோடு போன கொப்பு

1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் எங்கள் ஊரை இந்தியாவிடம் ஒப்படைத்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இரண்டு ஊருக்கும் ஒரே தேதி, இரண்டு வருட வித்தியாசம். எல்லைக்கோடு இப்படி மாறிக்கொண்டே இருந்தது. கொப்புக்கு மட்டும் எந்தக் காலத்திலும் செக்போஸ்ட் இருந்ததில்லை.

1978-இல் எங்கள் கல்யாணம். மறுவீடு முடிந்து புறப்படும்போது மாமியார் ஒரு சிறு கட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். செவ்வரளி, வெள்ளரளி, அடுக்கு நந்தியாவட்டை, மூன்றிலும் இரண்டிரண்டு கொப்பு. நனைத்த சாக்கில் சுற்றி, மேலே வாழைத்தடை வைத்துக் கட்டியிருந்தது. அப்போது நாகர்கோவிலுக்கு ரயில் கிடையாது. பஸ்ஸில் திருநெல்வேலி, அங்கிருந்து ரயிலில் மாயவரம், பேரளம் என்று வண்டி மாறிக் காரைக்கால் போய்ச் சேர்ந்தோம். சாக்கில் ஈரம் இருந்தது. ஆறு கொப்பில் நாலு பிழைத்தன.

கட்டைக் கொடுக்கும்போது மாமியார் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மாப்பிள, அரளிய ஆட்டுக்கு எட்டாத எடமாப் பாத்து நடுங்க. பாலு கையில பட்டா கழுவிட்டுத்தான் சோத்துல கை வைக்கணும். பிள்ளைய பொறந்து வெளயாடுற காலத்துல சொல்லி வளக்கணும், கேட்டியளா."

கொப்பு கொடுக்கிறவர் எவரும் வெறும் கொப்பைக் கொடுப்பதில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன். கூடவே ஒரு சொல்லும் வரும். இது வெயில் கேட்கும், இதற்குத் தண்ணீர் ஆகாது, இதன் பூ கண்ணுக்கு நல்லது, இதன் விறகை அடுப்பில் வைக்காதே. விதைப் பாக்கெட்டில் அச்சடித்திருப்பதைவிட இது நுணுக்கமானது. ஏனென்றால் அந்தச் செடியோடு இருபது முப்பது வருடம் வாழ்ந்தவர் சொல்வது அது.

நடுகிற முறை

கேட்டு எழுதுகிறவர்களுக்காக முறையையும் சொல்லிவிடுகிறேன். இதில் என் சொந்தச் சரக்கு ஒன்றும் இல்லை, இந்த ஊர்க்காரர்களிடம் கற்றதுதான்.

பச்சைக் குருத்தும் வேண்டாம், முற்றிய கட்டையும் வேண்டாம். பென்சில் கனத்தில், சாண் நீளத்தில், நாலு கணு இருக்கும்படி கொப்பு எடுக்க வேண்டும். அடிப்பக்கம் கணுவுக்குக் கீழே சரிவாகவும், நுனிப்பக்கம் நேராகவும் வெட்ட வேண்டும். வேர் அடியில்தான் விடும். தலைகீழாக நட்டுவிடாமல் இருக்கச் சரிவு வெட்டு ஓர் அடையாளம். வேர் இல்லாத கொப்பு இலைகளுக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது, ஆகவே நுனியில் ஒன்றிரண்டை விட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். மேல் வெட்டில் சாணி உருண்டை வைப்பது பழைய வழக்கம். ஈரம் அந்த வழியே போகாமல் அடைத்துவிடும். மணலும் செம்மண்ணும் கலந்த இடத்தில் இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு நிழலில் வைத்தால், ஒரு மாதத்துக்குள் தளிர் காட்டும். தளிர் வந்தவுடன் பிடுங்கிப் பார்க்கக் கூடாது. கொப்பில் இருந்த சத்திலேயே தளிர் விடும், வேர் அதற்குப் பிறகும் வரலாம்.

செம்பருத்திக்கும் அரளிக்கும் இதுவே போதும். நந்தியாவட்டைக்குத் தாழ்ந்த கொப்பை வளைத்து மண்ணுக்குள் புதைக்கும் பதியம் இன்னும் நிச்சயம். ஈழத்தலரியை வெட்டியவுடன் நடக் கூடாது. பால் காய்ந்து வெட்டுவாய் மூடும் வரை ஒரு வாரமாவது நிழலில் போட வேண்டும், இல்லாவிட்டால் அழுகிவிடும். காகிதப்பூவுக்குத் தண்ணீர் குறைவாக இருக்கட்டும். பவழமல்லிக்கு விதையே சுலபம். செண்பகத்துக்கு விதை அல்லது ஒட்டு.

காலம் முக்கியம். நம் ஜில்லாவுக்கு இரண்டு மழை உண்டு, இது வேறு பல ஜில்லாக்காரர்களுக்குக் கிடைக்காத வரம். ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும் நமக்குத்தான். முப்பந்தலில் காற்றாலை சுற்றுகிற வேகத்தில் நட்ட கொப்பு ஆடிக்கொண்டே இருந்தால், புதிதாக விட்ட மெல்லிய வேர் அறுந்துபோகும். ஆகவே ஆனி, ஆடியில் சாரலை நம்பி நடுகிறவர்கள் சுவரோரமாக நடுங்கள். காற்று படும் இடம் என்றால் ஐப்பசி வரை பொறுத்திருப்பது நல்லது.

வேர் விட வைக்கும் பொடி என்று கடையில் விற்கிறார்கள். அதில் இருப்பது இண்டோல் பியூட்ரிக் அமிலம், 1930-களில் அமெரிக்காவில் சோதித்துக் கண்டது. பிடிவாதமான செடிகளுக்கு உதவும். அரளிக்கும் செம்பருத்திக்கும் அவசியமே இல்லை.

ஒரே செடிக்கு அவமானமும் கௌரவமும்

இப்போது அரளிக்குத் திரும்புவோம். தோவாளை மாணிக்கமாலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெள்ளரளி, செவ்வரளி, பச்சைக்கு நொச்சி இலை. இவற்றை மடித்து மடித்து, கல் பதித்த நகைபோல நாரில் கட்டுகிறார்கள். பத்மநாபசாமி கோயிலுக்குப் போன மாலையைப் பார்த்து மாணிக்கம் பதித்ததுபோல் இருக்கிறது என்று மகாராஜா சொன்னாராம், அதுவே பெயராயிற்று என்று ஊரில் சொல்வார்கள். அந்த மாலையில் உள்ள மூன்றுமே கொப்பு நட்டு வளர்வன என்பதைக் கவனியுங்கள். அரளி இப்போது நமக்குச் சேலம் பக்கத்திலிருந்தும் வருகிறது. அங்கே பனமரத்துப்பட்டியில் ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள்.

2024 ஏப்ரல் கடைசியில் கேரளத்தில் ஓர் இளம்பெண் இறந்துபோனார். அரளி இலையையோ பூவையோ தெரியாமல் மென்றதே காரணமாக இருக்கலாம் என்று சந்தேகம் எழுந்தது. சில நாட்களில் திருவிதாங்கூர் தேவசம் போர்டு தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ வேண்டாம் என்று முடிவு செய்தது. சாமிக்கு அர்ச்சிக்கத் தடை இல்லை, பக்தர் கையில் போய்ச் சேரக் கூடாது என்பதே நோக்கம். நியாயமான முடிவு. அரளியின் வேர் முதல் பூ வரை எல்லாவற்றிலும் இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு இருக்கிறது. மறு வருடம், 2025-இல், அரளி கொண்டு கட்டும் நம் மாணிக்கமாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரே செடிக்கு ஒரு வருட இடைவெளியில் விலக்கும் விருதும். சாருதத்தன் கழுத்து மாலையும் திருக்கரவீரத்து மாலையும் மறுபடி ஒன்றாக வந்து நின்றன.

என் மனதை உறுத்துவது வேறு. அரளி விஷம் என்பது புதுச் செய்தியா? நம் வீட்டு எழுத்தறியாத பாட்டிமாருக்கும் தெரிந்த விஷயம் அல்லவா? அந்தச் சொல் எங்கே போயிற்று? நாலுவழிச் சாலையின் நடுவில் மைல் கணக்கில் அரளி நிற்கிறது. ஆடுமாடு கடிக்காது, தண்ணீர் இல்லாமலும் பூக்கும் என்பதற்காக நட்டார்கள். அடுக்குமாடி வாசலில் தொட்டியில் நிற்கிறது. அதை வைத்தவர் நர்சரியில் வாங்கி வைத்தார். பையில் செடி வந்தது, சொல் வரவில்லை. கையிலிருந்து கைக்குப் போனபோது அழகும் எச்சரிக்கையும் ஒரே கட்டாகப் போயின. கடையிலிருந்து கைக்கு வரும்போது அழகு மட்டும் வருகிறது.

பயந்துபோய் அரளியை வெட்டி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1945-இல் அணுகுண்டு விழுந்து வெந்த ஹிரோஷிமா மண்ணில் முதலில் பூத்த செடிகளில் ஒன்று அரளி என்பதால், அந்த நகரம் அதைத் தன் அதிகாரபூர்வ மலராக வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட உயிர் அது. அதோடு எப்படி வாழ்வது என்று தெரிந்தவர்கள் நாம். தெரிந்ததைச் சொல்லாமல் விடக் கூடாது, அவ்வளவுதான்.

ஊரில் முற்றங்கள் சிமெண்ட் தரையாகி வருகின்றன. கார் நிற்க இடம் வேண்டும் என்று முதலில் வெட்டுப்படுவது இந்த உயரமான செடிகள்தான். விதையுள்ள செடியாவது எங்காவது குப்பைமேட்டில் தானாக முளைக்கும். அடுக்கு நந்தியாவட்டைக்கும் அடுக்குச் செம்பருத்திக்கும் அந்த வழியும் இல்லை. நம் வயதுக்காரர்கள் வீட்டில் இன்னும் பழைய மூடு நின்றால், இந்த ஐப்பசிக்கு நாலு கொப்பு வெட்டி, பேரன் பேத்தி வீட்டுக்கு ஒன்று, அடுத்த வீட்டுக்கு ஒன்று என்று கொடுங்கள். கொடுக்கும்போது அந்தச் செடியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அரளி என்றால், பாலைப் பற்றி முதலில் சொல்லுங்கள்.